நாலாம் படியில் ஒரு நட்சத்திரம்

எங்கள் வீட்டுக் கொலுவில் அந்த வருஷம் மனித குலத்துக்குக் கிடைத்த இடம் கடைசிப் படியின் இடது ஓரம். செட்டியாரும் அவர் மனைவியும், முன்னால் அரிசி பருப்புக் கிண்ணங்களோடு, அங்கே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பொம்மைகளெல்லாம் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. மேலே ஆறு படிகளிலும் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள். ஏற்பாடு என் அண்ணாவுடையது. பிரபஞ்சத்தில் மனிதன் எவ்வளவு சின்னவன் என்பது வருகிறவர்களுக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்றான்.

துர்கா பூஜை வந்தால் கல்கத்தாவில் சந்துக்குச் சந்து, ஏதாவது ஒரு விஷயத்தை வைத்து ஜோடித்த தீம் பந்தல். அண்ணா குடியிருக்கும் சால்ட் லேக் பிளாக்கிலும் ஒரு கமிட்டி உண்டு. அந்த வருஷத் தீமாக அவன் பிரபஞ்சத்தை முன்மொழிந்தான். அவர்கள் மூங்கில் கைவேலைக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அங்கே தோற்ற பிரபஞ்சம் லேக் கார்டன்ஸில் அம்மாவும் நானும் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவின் கொலுவில் எப்போதும் ஒரு வரிசை உண்டு. அடியில் புல் பூண்டு, அதற்கு மேல் பூச்சி புழு, பிறகு பறவை, விலங்கு. மனிதனுக்கு நடுப்படி. அவனுக்கு மேலே முனிவர்கள், உச்சியில் தெய்வங்கள். மனிதன் பெரியவன் என்று அம்மாவும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவனுக்குக் கீழேயும் மேலேயும் யாராவது துணைக்கு இருந்தார்கள். அண்ணாவின் ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பொம்மைகளை இனம் கண்டு அடுக்க அந்த வருஷம் அவளுக்குக் கண் தெரியவில்லை.

அது ஆரம்பித்தது சமையலறை ஜன்னலில். மழை விடாத ஒரு வாரத்தில், கம்பி வளைந்திருக்கிறது, ஆளைக் கூப்பிடு என்றாள் அம்மா. நான் போய்ப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. யாரோ திருடன் வளைத்துப் பார்த்திருக்கிறான் என்றாள். மூன்று நாள் இதே பாட்டு. தொல்லை தாங்காமல் கிரில் வேலை செய்கிறவரைக் கூட்டிவந்தேன். அவர் ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்து, கோணல் எதுவும் இல்லை என்று வங்காளியில் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வயசானால் வீட்டிலிருக்கும் இரும்புமா எதிரியாகிவிடும் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மா தோசை மாவைக் கல்லில் ஊற்றாமல் அடுப்பின் மேல் ஊற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண் டாக்டர் நீட்டி முழக்கவில்லை. வலது கண்ணில் விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிகிறது, அதனால்தான் நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதல் ஊசி இரண்டு வாரத்துக்குள், தழும்பு கட்டிவிட்டால் போன பார்வை திரும்பாது. இடது கண் பல வருஷமாகவே மங்கல். அம்மா உலகத்தைப் பார்த்ததெல்லாம் இந்த வலது கண்ணால்தான். கணினித் திரையில் டாக்டர் அதன் படத்தைக் காட்டினார். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை, ஒரு பக்கம் பளிச்சென்று மஞ்சள் வட்டம், அதிலிருந்து கிளைகிளையாக ஓடும் சிவப்பு ரத்தக் குழாய்கள். நடுமத்தியில் கறுத்துப்போன ஒரு திட்டு. அந்தப் படத்தை என் போனுக்கே அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியில் அம்மா சொன்னாள், "கண்ணுக்குள்ள ஊசியா? அவன் வந்து சொல்லட்டும், பாப்போம்."

அவன் என்றால் அண்ணா. எங்கள் வீட்டில் கத்தி, ஊசி, கையெழுத்து மூன்றும் பிள்ளையின் இலாகா. அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு அவன்தான் கையெழுத்துப் போட்டான், அப்பா அதற்குப் பின் எட்டு வருஷம் இருந்தார், அதோடு விஷயம் முடிவாகிவிட்டது. நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஃபைல் ஃபைலாகக் கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், கால் பிடித்துவிடுவதும், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நான். ஆனால் கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருக்கும் பெண்ணின் வார்த்தையில் ஊசி ஏறாது.

அன்றைக்கே அண்ணாவுக்குப் படத்தையும் டாக்டர் சொன்னதையும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. போன் செய்தேன். சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம், பூஜை முடியட்டும் என்றான். இந்த ஊரில் ஒருவருக்கு எதையாவது செய்ய மனமில்லை என்றால், மகாளயத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒரு பதில் கைவசம் இருக்கும். பூஜோர் பொரே, பூஜைக்கு அப்புறம். குழாய் ரிப்பேர், கோர்ட்டுத் தேதி, கல்யாணப் பேச்சு எல்லாமே பூஜோர் பொரே. அந்தப் பட்டியலில் என் அம்மாவின் கண்ணும் சேர்ந்தது. சென்னைக்கெல்லாம் நாள் இல்லை, அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், போட்டுக்கோ அம்மா என்று சொன்னால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். எதற்கெடுத்தாலும் நான் பதறுகிறவள் என்றான். அன்று சாயந்திரமே கொலுவுக்காக முதல் தவணை நட்சத்திர மண்டலங்கள் என் போனுக்கு வந்து இறங்கின.

அண்ணாவுக்கு ஆகாயத்தில் உள்ள ஆசை பொய்யில்லை. பள்ளிக்கூட நாட்களில் என்னையும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய் நட்சத்திரம் காட்டுவான். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, அதற்குச் சற்றுத் தள்ளிப் பார், அப்போது அது தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். தங்க முலாம் பூசிய கண்ணாடியோடு புதிய தொலைநோக்கி ஆகாயத்துக்குப் போனபோது தன் வீட்டுக் கல்யாணம் போல அலைந்தான். முதல் படங்கள் வந்த அன்று எனக்குப் போன் செய்து அழுதே விட்டான். கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் அது எவ்வளவு ஆகாயத்தை மறைக்கும், அந்தத் துணுக்குக்குள் ஆயிரக்கணக்கில் நட்சத்திர மண்டலங்கள் என்றான். எனக்கும் அன்று சிலிர்த்தது. அதை நான் மறுக்கவில்லை.

நாம் சின்னவர்கள் என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் செய்தியை அவன் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்பதில்தான் சண்டை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் இவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல என்று ஆரம்பிப்பான். ஒரு வாரம் அம்மாவை வைத்துக்கொள், நான் எங்காவது போய்விட்டு வருகிறேன் என்றாலும் அதே பிரபஞ்சம் வரும். ஆனால் அவன் காரை நிறுத்தும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பிரபஞ்சம் வரவில்லை, போலீஸ்தான் வந்தது. அவனுடைய பதவி உயர்வு தள்ளிப்போனபோது நட்சத்திரங்களை நினைத்து அவன் ஆறுதல் அடைந்ததாகவும் எனக்குத் தெரியாது. மற்றவர் கஷ்டத்தை அளக்கும்போது மட்டும் அவனுக்குக் கோடி கோடி மைல் தூரம் தேவைப்பட்டது.

டாக்டர் சொன்ன இரண்டு வாரம் போனது. தினமும் அம்மாவிடம் மன்றாடினேன். அவன் போன்ல ஒண்ணும் சொல்லலையே என்பாள். அவனும் போனில் தினமும் பேசினான். கொலுப்படி எத்தனை அடி அகலம், கறுப்புத் துணி வாங்கினாயா, படங்களை பிரிண்ட் போட்டாயா என்று கேட்டான்.

மகாளயத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஸ்டேஷன் பக்கத்துப் போட்டோக் கடைக்குப் போனேன். கடையில் கும்பல். கடைக்காரர் என் போனை வாங்கித் தன் மெஷினில் மாட்டி, எதெது வேண்டும் என்று கேட்டார். நான் களைத்துப்போயிருந்தேன். கறுப்புப் பின்னணியில் இருப்பதெல்லாம் என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அனுப்பியது பன்னிரண்டு. உறையில் இருந்தது பதிமூன்று. வீட்டில் அட்டையில் ஒட்டும்போதுதான் பார்த்தேன். நட்சத்திர மண்டலங்களுக்கு நடுவில், அதே பளபளப்பான தாளில், அதே அளவில், அம்மாவின் வலது கண்.

கிழித்துப்போடத்தான் கை போனது. பிறகு ஒரு எண்ணம் வந்தது. எண்ணம் என்ன எண்ணம், ஆத்திரம்தான். இந்தப் படத்தை நான் இவனுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நீல டிக் விழுந்திருக்கிறது. பார்த்திருந்தால் அடையாளம் தெரியும், கொலுவில் கண்டதும் துணுக்குறுவான், நாலு பேர் முன்னால் வெட்கப்படுவான், அந்த வெட்கத்திலாவது அம்மாவிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வான். இப்படிக் கணக்குப் போட்டேன். நாலாம் படியின் நடுவில் அதை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு வைத்தேன்.

நவராத்திரியின் முதல் சனிக்கிழமை சாயந்திரம் அண்ணா வந்தான். தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு வங்காளி அம்மாள், அவர் மருமகள் என்று கூடம் நிறைந்திருந்தது. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு படிகளுக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் படிகள் ஏதோ வெளிச்சமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அண்ணா ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மேல் படியிலிருந்து ஆரம்பித்தான். அவன் நன்றாகப் பேசுவான். நம் கண்ணுக்கே தெரியாத ஒளியை அந்தக் கண்ணாடி எப்படி வாங்குகிறது, பின்னால் அதற்கு எப்படி நிறம் கொடுக்கிறார்கள், பூமியே இல்லாத காலத்தில் கிளம்பிய வெளிச்சம் எப்படி இன்றைக்கு வந்து சேருகிறது என்றெல்லாம் தமிழிலும் வங்காளியிலுமாக மாற்றி மாற்றிச் சொன்னான். எல்லாரும் சுண்டல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து கேட்டார்கள்.

குச்சி நாலாம் படிக்கு வந்தது. அவன் ஒரு கணம் நின்றான். புருவம் சற்றுச் சுருங்கியது. இது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை, அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அண்ணாவுக்கு ஆயிரம் விஷயம் தெரியும், தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது. இது ஒரு நட்சத்திரத்தின் சாவு என்று தொடங்கினான். நடுவில் கறுப்பாக இருக்கிறதே, அங்கேதான் அது வெடித்து அடங்கியது, சுற்றிச் சிவப்பாக ஓடுவது அது கக்கிய வாயு, இந்த மஞ்சள் புதிதாகப் பிறக்கும் இன்னொரு நட்சத்திரமாக இருக்கலாம். இது நடந்து முடிந்து எத்தனையோ யுகம் ஆகிவிட்டது, நாம் இப்போதுதான் பார்க்கிறோம், நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றான்.

மாஷிமாவுக்குச் சர்க்கரை வியாதி. வருஷா வருஷம் கண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறவர். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொன்னைக்குள் குனிந்துகொண்டார்.

அப்போது நாற்காலியிலிருந்து அம்மா சொன்னாள், "நடுவுல கறுப்பா இருக்குன்னு சொன்னியே, எனக்கும் அப்படித்தாண்டா இருக்கு. யாரைப் பாத்தாலும் மூஞ்சி இருக்கற இடத்துல கறுப்பா ஒண்ணு நிக்கறது."

அண்ணா சிரித்தான். பார்த்தீர்களா, அம்மா கண்ணுக்குள்ளேயே பிரபஞ்சம் இருக்கிறது என்றான். கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், பிள்ளை தன்னைப் பற்றிப் பேசிவிட்டான் என்ற சந்தோஷம் அவளுக்கு. குச்சி அடுத்த படத்துக்குப் போயிற்று. கடைசியில் செட்டியார் தம்பதியைச் சுட்டிக்காட்டி, இதுதான் நாம், இவ்வளவுதான் நாம் என்று முடித்தான். கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

எல்லாரும் போனபின் அவனும் கிளம்பினான். மாடிப்படி வரை கூடப் போனேன். அங்கே நின்று சொன்னேன், "அண்ணா, நாலாம் படில இருந்தது அம்மாவோட கண்ணு. நான் உனக்கு அனுப்பிச்ச படம்."

அவன் முகம் வெளிறியது. போனை எடுத்து மேலே தள்ளித் தள்ளித் தேடினான். கண்டுபிடித்தான். நெடுநேரம் பார்த்தான். இத்தனை நாளில் அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். இப்போது அம்மாவைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன்.

"யாருக்காவது தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

என் வாழ்க்கையில் நான் யாரையும் அந்த அளவுக்கு வெறுத்ததில்லை. மாஷிமாவுக்குத் தெரியும் என்றேன். வேண்டுமென்றே வைத்தாயா என்று கேட்டான். ஆமாம் என்றேன். திரும்ப வீட்டுக்குள் வந்தான். நாலாம் படியிலிருந்து படத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "அம்மா, நாளைக்கே அந்த ஊசியைப் போட்டுண்டுடு" என்றான். சரிடா என்றாள் அம்மா. அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று போன் செய்தபோது டாக்டர் ஊருக்குப் போய்விட்டார், பூஜைக்காக ஆபரேஷன் அறையை மூடிவிட்டார்கள், விஜயதசமிக்கு ஐந்தாம் நாள் வரும் லக்ஷ்மி பூஜை கழித்துத்தான் திறப்பார்கள் என்றார்கள். வேறு இரண்டு இடத்தில் கேட்டேன். வங்காளியில் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னார்கள். வெளியில் நாள் முழுக்க டாக் என்னும் பூஜை மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தினமும் காலையில் முகம் கழுவிவிட்டு, இன்றைக்கா ஊசி என்று கேட்டாள். பிள்ளை சொல்லிவிட்டதால் இப்போது அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது.

ஊசி போட்டார்கள். ஒன்றல்ல, மூன்று. தழும்பு ஏற்கெனவே கட்டியிருந்தது. பக்கவாட்டுப் பார்வை மிஞ்சும், நடுப்பார்வை வராது என்றார் டாக்டர். நான் தனியாகப் போய், கொலுவுக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில் வந்திருந்தால் தேறியிருக்குமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். அதையே நான் இன்னமும் மென்றுகொண்டிருக்கிறேன். ஏனென்றால் கடையிலிருந்து அந்தப் படம் என் கைக்கு வந்த நாளிலிருந்து கொலு சனிக்கிழமை வரை நான் அம்மாவிடம் மன்றாடவில்லை. அவனைப் போனில் நச்சரிக்கவும் இல்லை. விளக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு அவனை ஜெயிக்க வேண்டியிருந்தது. அம்மாவின் கண் அவனுக்குக் கோடி மைல் தள்ளி இருந்தது. எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அட்டையில் ஒட்டி, கண்காட்சிக்கு வைக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அண்ணா இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறான். சொட்டு மருந்து விடுகிறான். பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா அவன் தோளுக்கு அப்பால், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, என்னைப் பாரேன் அம்மா என்றான்.

"உன்னைத்தாண்டா பாத்துண்டிருக்கேன்," என்றாள் அம்மா. "நேரா பாத்தா நீ இல்லை."

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சமையலறை ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.